ஈயக்குண்டைக் கடித்தது யார்?

ஊர் உலகத்தில் மாப்பிள்ளையாக வரப்போகிறவனை வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு டீயைக் கொடுப்பார்கள், நாலு கேள்வி கேட்பார்கள், பிடிக்காவிட்டால் ‘அப்புறம் சொல்லி அனுப்புறோம்’ என்று கும்பிட்டு வழியனுப்புவார்கள். நம்ம டாக்டருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. அவரை மியூசியத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆயுதக்கூடம், டிக்கெட்டை அவரே வாங்கிக்கொள்ள வேண்டியது.

டாக்டர் என்றதும் வெள்ளைக் கோட்டையும் ஏசி அறையையும் நினைத்துவிடாதீர்கள். இவர் கால்நடை டாக்டர். அதிலும் ஆடு மாடெல்லாம் எப்போதாவதுதான். நகரத்துக்கு வெளியே வரிசையாக இருக்கிற பன்றிப் பண்ணைகள்தான் இவருக்குச் சோறு போடுகின்றன. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பன்றி வாயைத் திறந்து பார்ப்பது, பல் பார்த்து வயது சொல்வது, ஊசி குத்துவது, உதை வாங்குவது. எத்தனை தடவை சோப்புப் போட்டுக் குளித்தாலும் மேலே வாசம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சட்டைக் கையை முகர்ந்து பார்க்கிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அன்று காலையும் மியூசியப் படியில் நின்று முகர்ந்து பார்த்தார். புதுச் சட்டை வாசம்தான் வந்தது.

அவருக்கு உதை கொடுத்த பன்றிகளில் முக்கியமானது ‘மகாராணி’. அவர் வழக்கமாகப் போகிற ஒரு பண்ணையின் மூத்த தாய்ப்பன்றி. சென்ற வருஷம் அது ஒரு நாள் டாக்டரைச் சுவரோடு சேர்த்து நசுக்கி, கீழே தள்ளி, அவர் கால்மேல் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டது. கால் முறிந்துபோனது. போதாதற்கு, அவர் பாக்கெட்டிலிருந்து விழுந்த கார் சாவியை எடுத்து வாயில் போட்டு ஒரு மெல்லு மெல்லிவிட்டுத் துப்பியது. அப்போது வந்த ஆம்புலன்ஸை ஓட்டி வந்தவள்தான் நம்ம கதாநாயகி. ஸ்டியரிங்கைப் பிடித்தால் சந்து பொந்தெல்லாம் வழி கண்டுபிடிக்கிறவள். வண்டிக்குள் ஏற்றும்போது டாக்டர் குழந்தைபோல அழுதுகொண்டிருந்தார்.

“பல்லைக் கடிச்சுக்கோங்க டாக்டரே,” என்றாள் அவள். “எங்கம்மா வேலை பார்க்கிற மியூசியத்துல ஒரு ஈயக்குண்டு இருக்கு. மயக்க மருந்தே இல்லாத காலத்துல ஒரு சிப்பாய்க்குக் காலை வெட்டினாங்களாம். அவன் வாயில அந்தக் குண்டைக் கொடுத்துக் கடிச்சுக்கோன்னு சொன்னாங்களாம். இன்னும் அதுல பல் பதிஞ்ச தடம் இருக்கு. சின்ன வயசுல ஊசி போட, காது குத்த, பரீட்சைக்குப் போக, எது வந்தாலும் அம்மா அந்தக் குண்டைத்தான் சொல்லுவாங்க. நீங்களும் அதை நினைச்சுக்கோங்க.”

டாக்டர் நினைத்துக்கொண்டார். அழுகை நின்றது. கால் சேர்வதற்குள் மனசும் சேர்ந்துவிட்டது. இப்போது மிச்சமிருப்பது அவளுடைய அம்மாவின் சம்மதம் ஒன்றுதான். அது கிடைக்காமல் அவள் கழுத்தை நீட்டமாட்டாள். அதை அவள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆயுதக்கூடத்தின் வழிகாட்டி. மைக் வைத்துக்கொள்ள மாட்டார், தேவையும் இல்லை. அந்தக் கோடியில் அவர் பேசினால் இந்தக் கோடியில் கண்ணாடிப் பெட்டி அதிரும். மியூசியத்தில் அவருக்குப் ‘பீரங்கியம்மா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் எவனுக்கும் கிடையாது. பன்றி டாக்டர் என்று கேள்விப்பட்டதுமே அவர் மகளைப் பார்த்து, “வேற டாக்டரே கிடைக்கலையாடி உனக்கு?” என்று கேட்டதாகத் தகவல்.

ஆயுதக்கூட வாசலில் மகள் நின்றிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா, கையில் மடக்கு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும். பேக்கரி வைத்திருக்கிறவர். ஞாயிறு கடைக்கு லீவு விட்டுவிட்டு மனைவி பேசுவதைக் கேட்க வந்து உட்கார்ந்துகொள்வார். வீட்டில் நாள் முழுக்கக் கேட்கிறவர் இங்கேயும் வந்து கேட்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே வந்தால் உட்கார்ந்து கேட்கலாமே!

“தம்பி, ஒண்ணும் பயப்படாதீங்க,” என்றார் பேக்கரிக்காரர். “அவ கேட்டா பதில் சொல்லுங்க. கேட்கலைன்னா வாயைத் திறக்காதீங்க. நான் இத்தனை வருஷம் அப்படித்தான் ஓட்டுறேன்.”

முப்பது பேர் கொண்ட கூட்டம் கூடியது. நீலக் கோட்டு, கையில் ஒரு மரக்குச்சியோடு பீரங்கியம்மா வந்தார். டாக்டரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார்.

“டாக்டர் சாரா? வாங்க. ஷூவைத் துடைச்சுட்டு வந்தீங்கதானே?”

அவ்வளவுதான் வரவேற்பு. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார், கூடமே கிடுகிடுத்தது.

“இங்க இருக்கிற ஆயுதத்துல எதை எடுத்தாலும் இன்னைக்கு ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது. ஆனா இங்கிலீஷ் பேசுறவன் வாயில இதெல்லாம் இன்னும் வெடிச்சுக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல, கடையில, டிவியில, தினம் தினம் நீங்களும் கேட்குறீங்க. நான் இங்கிலீஷ்ல சொல்றேன். அதுக்கு நாம என்ன சொல்லுவோம்னு நீங்க சொல்லணும். சும்மா வேடிக்கை பார்த்துட்டுப் போறவங்க பக்கத்துக் கூடத்துக்குப் போகலாம், அங்க பட்டாம்பூச்சி இருக்கு.”

யாரும் பட்டாம்பூச்சிக்குப் போகவில்லை.

முதலில் ஒரு பழைய துப்பாக்கி. குச்சியால் தட்டித் தட்டிக் காட்டினார். “இது விசை, இது கட்டை, இது குழல். மூணும் சேர்ந்தாத்தான் துப்பாக்கி. அதனால ஒண்ணு விடாம எல்லாத்தையும் அள்ளிக்கிட்டுப் போறதை ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’னு சொல்லுவான். நாம?”

“மூட்டை முடிச்சோட!” என்று ஒரு குரல்.

“சபாஷ். அவனுக்குத் துப்பாக்கி வேணும், நமக்கு மூட்டை போதும். அடுத்தது, துப்பாக்கியோட இந்தச் சின்னக் கிண்ணத்துல வெடிமருந்தைப் போட்டுத் தீப்பொறி வைப்பாங்க. சில சமயம் கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சுன்னு எரிஞ்சு அடங்கிடும், குண்டு வெளிய வராது. அதுதான் ‘ஃப்ளாஷ் இன் த பான்’. ஆரம்பத்துல ஆட்டம், அப்புறம் ஒண்ணுமில்ல.”

“புஸ்ஸுனு போச்சு!” என்று நாலைந்து பேர் சேர்ந்து கத்தினார்கள்.

“என் கல்யாண வாழ்க்கையைச் சொல்லல, துப்பாக்கியைச் சொல்றேன்,” என்றார் பீரங்கியம்மா. பேக்கரிக்காரர் நாற்காலியில் இருந்தபடியே கைதட்டினார்.

“இன்னொண்ணு. விசையில இருக்கிற சுத்தியலைப் பாதிவரைக்கும்தான் இழுத்து வெச்சிருப்பான். அது பாதுகாப்புக்கு. அந்தப் பாதியிலேயே வெடிச்சுத் தொலைச்சா? ‘கோயிங் ஆஃப் ஹாஃப் காக்ட்’. யோசனை இல்லாம, தயாராகாம, ஒரு காரியத்துல குதிக்கிறவன். நாம என்ன சொல்லுவோம், டாக்டர் சார்?”

திடுக்கிட்டுப்போன டாக்டர், “அவசரக்குடுக்கை, மேடம்,” என்றார்.

“தெரிஞ்சிருக்கே!”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கூட்டமும் சிரித்தது. டாக்டருக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. இந்த அம்மா பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. கடைசியாக ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் எல்லாரையும் நிறுத்தினார். உள்ளே கறுப்பு வெல்வெட்டில் கோலிக்குண்டு அளவு ஓர் ஈயக்குண்டு, நசுங்கிப்போய்.

பீரங்கியம்மாவின் குரல் இறங்கியது. இந்த இடத்துக்கென்று ஒரு குரல் வைத்திருந்தார்.

“‘பைட் த புல்லட்’. தவிர்க்க முடியாத வலியைத் தாங்கிக்கிறது. நமக்குக் குண்டுகூட வேண்டாம். பல்லைக் கடிச்சுக்கோன்னு சொல்லுவோம், நம்ம பல்லே நமக்குப் போதும். ஆனா காலை வெட்டினப்போ ஒரு சிப்பாய்க்கு இதைக் கொடுத்தாங்க. போர்க்களத்து மண்ணைத் தோண்டினப்போ கிடைச்சது. பாருங்க, எவ்வளவு ஆழமா பதிஞ்சிருக்குன்னு. எந்தத் தாய் பெத்த பிள்ளையோ. கத்தலையாம், இதைக் கடிச்சுக்கிட்டே இருந்தானாம்.”

பிறகு அவர் ஒவ்வொருவராகப் பார்த்து, “நீங்க எப்போ கடிச்சீங்க?” என்று கேட்டார். அதுதான் அவருடைய வழக்கம். கேட்டால் ஜனங்கள் சொல்கிறார்கள், அதுதான் ஆச்சரியம். ஒரு தடித்த மனிதர் வேலை போன செய்தியை மனைவியிடம் சொன்ன நாளைச் சொன்னார். ஓர் அம்மா, கணவர் போனபின் நடுங்கிக்கொண்டே கார் ஓட்டக் கற்றுக்கொண்டதைச் சொன்னார். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டாக்டருக்கும் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து அந்தக் குண்டைக் கிட்டத்தில் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பள்ளங்கள் அவருக்குத் தெரிந்தவை. அகலமான பள்ளம், அதற்குள்ளே பொடிப்பொடியாக மேடும் குழியும், பக்கத்திலேயே அதேபோல இன்னொன்று. மனிதன் எங்கே கடிப்பான் இப்படி? அவர் பாக்கெட்டில் கைவிட்டுக் கார் சாவியைத் தடவினார். மகாராணி மென்று துப்பிய அந்தப் பிளாஸ்டிக்கில் இதே பள்ளம், இதே மேடு, இதே குழி. ஒரு வருஷமாகத் தினமும் கட்டைவிரலால் தடவிப் பழகின தடம். பன்றிகள் மண்ணைக் கிளறும், கிடைத்ததை மெல்லும். போர்க்களம் ஓய்ந்த பிறகு அங்கே மேய்ந்த ஏதோ ஒரு பன்றி...

அட கடவுளே, என்று டாக்டர் மனசுக்குள் அலறினார். தலை நிமிர்ந்தால் எதிரே பீரங்கியம்மா.

“டாக்டர் சார், நீங்க பல் பார்த்து வயசு சொல்றவராமே. எங்க வீட்டுப் பொண்ணு பெருமையா சொன்னா. அந்தப் பையனுக்கு எத்தனை வயசிருக்கும்? சொல்லுங்க, எல்லாரும் கேட்கட்டும்.”

முப்பது ஜோடிக் கண்கள் திரும்பின. மகள் முகத்தில் பெருமை பொங்கியது. உண்மையைச் சொன்னால் பெண் கிடையாது. சும்மா இருந்தால் முட்டாள். ஒரே ஒரு வழிதான் இருந்தது, அதுவும் கெட்ட வழி.

“இருபது... இருபத்திரண்டு இருக்கும், மேடம்.”

கூட்டமே ‘ச்சு’ கொட்டியது. பீரங்கியம்மாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. “இருபத்திரண்டு,” என்று சொல்லிப் பார்த்தார். “இத்தனை நாள் எனக்கு இது தெரியாம போச்சே. இனிமே எல்லார்கிட்டயும் சொல்லுவேன். போர்டுலயும் எழுதச் சொல்லப்போறேன்.” அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி, முதல் தடவையாகச் சிரித்து, “நீங்க சாப்பிட்டுட்டுத்தான் போகணும்,” என்றார்.

காரியம் கைகூடிவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? மியூசிய கேன்டீனில் டாக்டர் முன்னால் வைத்த ரொட்டி வைத்தபடி இருந்தது. அம்மாவும் அப்பாவும் மதியக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனதும், அவர் கார் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்து, மகளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் சாவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி சாவியைப் பார்த்தாள்.

“பன்னியா?”

“பன்னிதான்.”

“அப்போ ஊசிக்கும் பரீட்சைக்கும் மழையில வண்டி ஓட்டுறதுக்கும் நான் இத்தனை வருஷமா ஒரு பன்னியை நினைச்சுக்கிட்டா இருந்தேன்?”

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. அவளுக்கே புரியவில்லை போல. சாவியை அவர் பக்கம் தள்ளினாள்.

“இங்க பாரு. உண்மையைச் சொன்னா அம்மா உன்னை வாசப்படி ஏத்த மாட்டாங்க. சொல்லலைன்னா நீ ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தப் பொய்க்குப் பக்கத்துல நின்னு பல்லைக் காட்டணும். உனக்கு எது முடியும்னு நீயே பார்த்துக்கோ. நான் சொல்லித்தர மாட்டேன். ஆனா ஒண்ணு, எங்கம்மா முட்டாளா நிக்கிறதை என்னால பார்க்க முடியாது.”

டாக்டர் எழுந்தார். கால் முறிந்த பக்கம் லேசாக இழுத்தது, படியேறினார்.

ஆயுதக்கூடத்தில் காலையைவிடப் பெரிய கூட்டம். பீரங்கியம்மா குண்டுக்கு முன்னால் நின்று பொழிந்துகொண்டிருந்தார். காலையில் இருபத்திரண்டு வயது மட்டும்தான் இருந்தது. மதியத்துக்குள் அந்தச் சிப்பாய்க்குச் சுருட்டை முடி வந்துவிட்டது, ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தாயும் வந்துவிட்டாள். “எனக்கு ஒரு மகன் இருந்திருந்தா அந்த வயசுதான் இருக்கும்,” என்று அவர் சொன்னபோது முன்வரிசையில் ஒருத்தி விசும்பினாள்.

“நானா சொல்லல இதை. பல்லைப் பார்த்துச் சொன்ன டாக்டரே அதோ வர்றார். வாங்க டாக்டர் சார், எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு இவங்களுக்கும் சொல்லுங்க!”

கூட்டம் விலகி வழிவிட்டது. டாக்டர் நடந்து வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் வந்தார். இப்போது கேட்டுவிட்டார்களே! இன்னொரு பொய் சொன்னால் அந்தச் சிப்பாய்க்கு மீசையும் முளைத்துவிடும்.

“மேடம், காலையில நான் சொன்னது பொய். இது மனுஷன் கடிச்சதில்ல.”

“என்ன?”

“பன்னி கடிச்சது. கடைவாய்ப்பல்லு. இதோ, இது நான் பார்க்கிற பண்ணையில ஒரு பன்னி கடிச்சது.” சாவியைக் கண்ணாடிமேல் வைத்தார். “ரெண்டையும் பாருங்க. ஒரே தடம்.”

பின்வரிசையில் ஒருத்தர் கெக்கே என்று சிரித்துவிட்டார்.

“சிரிச்சது யாரு?” என்றார் பீரங்கியம்மா. சிரிப்பு அந்தரத்தில் நின்றது. அவர் குனிந்து சாவியையும் குண்டையும் மாறி மாறிப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை.

“காலையில ஏன் சொல்லல?”

“பயம், மேடம்.”

“எதுக்குப் பயம்?”

“உங்களுக்குத்தான். உங்க பொண்ணைக் கொடுக்கமாட்டீங்களோன்னு.”

“இப்போ பயம் போயிடுச்சா?”

“இல்ல மேடம். ஜாஸ்தியாயிடுச்சு.”

“எல்லாரும் கிளம்பலாம்,” என்றார் பீரங்கியம்மா கூட்டத்தைப் பார்த்து. குரல் உயரவே இல்லை. சாவியை டாக்டர் கையில் திணித்துவிட்டு, பெட்டிமேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேக்கரிக்காரர் நாற்காலியை மடக்கினார். “தம்பி, அவ சத்தம் போட்டா எனக்குப் பயமே கிடையாது. சத்தம் போடலைன்னாத்தான் பயம்,” என்றார். “நீங்க வீட்டுக்குப் போங்க.”

அடுத்து வந்த நாட்களை டாக்டர் எப்படித் தள்ளினார் என்று கேட்காதீர்கள். ஒரு பன்றிக்கு ஊசி போடப் போய்ப் பக்கத்தில் நின்ற பண்ணைக்காரருக்குப் போடப் பார்த்தார். மகளிடமிருந்து ஒரே செய்திதான்: ‘அம்மா பேச மாட்டேங்கிறாங்க. வீடு மயானமா இருக்கு. அப்பா பயந்துபோய்க் கூடுதலா கேக் சுடுறார்.’

புதன்கிழமை பண்ணை வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. அதிலிருந்து நீலக் கோட்டோடு பீரங்கியம்மா இறங்கினார். காலில் புது ரப்பர் பூட்ஸ். ஒரு கையில் பூதக்கண்ணாடி, இன்னொரு கையில் ஒரு பை. டாக்டர் பன்றிக் கொட்டிலுக்குள் கையில் வாளியோடு நின்றிருந்தார்.

“எங்க அது?”

“எது மேடம்?”

“உங்க சாவியைக் கடிச்சதே, அது. நான் இதுவரைக்கும் ஒரு லேபிளைக்கூடச் சோதிக்காம ஒட்டினதில்ல. இந்தக் குண்டு நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே வந்தது, அதை மட்டும்தான் சோதிக்கல. யாரோ எழுதி வெச்சதை நம்பினேன். இனிமே யார் சொன்னாலும் நம்பறதா இல்ல, உங்களையும் சேர்த்துத்தான். கடிக்கச் சொல்லுங்க, என் கண்ணால பார்க்கணும்.”

பையிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஓர் உருண்டையை எடுத்தார். கல் மாதிரி காய்ந்த மாவு, பேக்கரிக்காரரின் உபயம். மகாராணி வந்தது, மோந்தது, ஒரே வாயில் முழுங்கிவிட்டு அடுத்தது எங்கே என்று பீரங்கியம்மாவின் கோட்டுப் பையை முட்டியது.

“என்ன இது, தடத்தைக் கேட்டா சாப்பிட்டுட்டுப் போகுது!”

“மாவு உருண்டைன்னா முழுங்கத்தான் செய்யும் மேடம். ஈயம் கொடுக்கவும் கூடாது, விஷம்.” டாக்டர் ஓடிப்போய்த் தடித்த ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டி, கயிறு கட்டி நீட்டினார். மகாராணி அதைக் கடைவாயில் தள்ளி, கண்ணை மூடி, ரசித்து மென்றது. டாக்டர் கயிற்றைப் பிடித்து இழுக்க, அது எதிர்ப்பக்கம் இழுக்க, பீரங்கியம்மாவும் கோட்டை மடித்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடிக்க, ரப்பர் பட்டென்று வெளியே வந்தது. இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்தார்கள்.

உட்கார்ந்த இடத்திலேயே அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். குண்டின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். டாக்டர் மூச்சுவிடக்கூடப் பயந்தார்.

“ம்,” என்றார் பீரங்கியம்மா.

எழுந்தார். கோட்டைத் தட்டிவிட்டார். அந்த ரப்பர் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு டாக்சியில் ஏறிப் போய்விட்டார். ஒரு நல்ல வார்த்தை இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. ‘ம்’ என்றால் என்ன அர்த்தம் என்று டாக்டர் அன்று முழுக்க மகாராணியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மகள் போன் செய்தாள். “நாளைக்கு உன்னை வரச் சொன்னாங்க. ஏன்னு கேட்டா முறைக்கிறாங்க. டிக்கெட்டை நீயே வாங்கணுமாம்.”

மறுபடியும் டிக்கெட். சரி, முடிந்தது கதை, எல்லார் முன்னாலும் வைத்துக் கிழிக்கப் போகிறார் என்று டாக்டர் தீர்மானித்துக்கொண்டார். இருந்தாலும் போனார். புதுச் சட்டை சலவையில் இருந்ததால் பழையதைப் போட்டுக்கொண்டு, முகர்ந்துகூடப் பார்க்காமல் போனார். ஆயுதக்கூடத்தில் நிற்க இடமில்லை. போன வாரம் நடந்தது எப்படியோ ஊர் முழுக்கப் பரவியிருந்தது. டாக்டர் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். மூட்டை முடிச்சு ஆயிற்று, புஸ்ஸென்று போனது ஆயிற்று, அவசரக்குடுக்கையும் ஆயிற்று. எல்லாரும் கண்ணாடிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளே குண்டுக்குப் பக்கத்தில் அந்த ரப்பர் துண்டு, அதே கறுப்பு வெல்வெட்டில், ராஜ மரியாதையோடு.

“பைட் த புல்லட்,” என்றார் பீரங்கியம்மா. “இத்தனை வருஷமா இங்க நின்னு ஒரு சிப்பாய் இதைக் கடிச்சான்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அப்படி ஒருத்தன் இல்ல. இதைக் கடிச்சது பன்னி.”

கூடமே வெடித்துச் சிரித்தது. அவர் தடுக்கவில்லை. சிரித்து ஓயும்வரை குச்சியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. நானும் சிரிச்சேன். மூணு நாள் அழுதுட்டு, சேத்துல விழுந்துட்டு, அப்புறம்தான் சிரிச்சேன். அந்தப் பிள்ளையை நான் பெத்த பிள்ளை மாதிரி நினைச்சிருந்தேன், போயிட்டான். அதனால இந்தக் குண்டை எடுத்து உள்ள வெச்சுடலாமான்னு மேல இருக்கிறவங்க கேட்டாங்க. நான் முடியாதுன்னுட்டேன். ஏன்னா, பன்னிக்கு அப்புறம் ஒரு மனுஷனும் இதைக் கடிச்சிருக்கான். போன ஞாயித்துக்கிழமை, இதே இடத்துல, நான் பார்க்கப் பார்க்கக் கடிச்சான். மயக்க மருந்து கிடையாது. பிடிச்சுக்க ஆள் கிடையாது. கத்தி என் கையில இருந்தது.”

யாரும் இப்போது சிரிக்கவில்லை. தூணுக்குப் பின்னால் டாக்டருக்குக் காது சூடாகி, கண் மங்கிக்கொண்டு வந்தது. மகள் எங்கிருந்தோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவர் கையைப் பிடித்தாள்.

பீரங்கியம்மா குச்சியை நீட்டி அந்தத் தூணைக் காட்டினார். குரல் பழைய குரல், கண்ணாடிப் பெட்டிகள் எல்லாம் அதிர்ந்தன.

“மாப்பிள்ளை! அங்க என்ன ஒளிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க? முன்னாடி வாங்க. பன்னிக்கு எத்தனை பல்லுன்னு இவங்களுக்குச் சொல்லுங்க.”

பேக்கரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே விட்டார்.

“நாற்பத்துநாலு,” என்றார் டாக்டர். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். “நாற்பத்துநாலு, அத்தை.”